பர்லியாரில் நின்ற காது

கல்லாறு தாண்டி முதல் ஊசிவளைவு வரும்போதே
சில்லறைப் பையை முதுகுக்குத் தள்ளிவிட்டு
காகிதப் பைகளைக் கையில் எடுத்துக்கொள்வேன்.
யாருக்கு வாந்தி வரும் என்று
முகம் பார்த்தே தெரியும்.
தேனிலவுக்கு வரும் மாப்பிள்ளைகளுக்குக் கட்டாயம் வரும்.
பர்லியார் நெருங்கும்போது உரக்கச் சொல்வேன்:
எச்சிலை முழுங்குங்க, காது திறந்துரும்.
இருபத்திரண்டு வருஷம் சொன்னேன்.
அதுவரை நான் கம்பியைப் பிடித்ததில்லை.
பதினாலு வளைவும் என் முழங்காலுக்குப் பாடம்.

பிறகு ஒருநாள்
வளைவே இல்லாத இடத்தில்,
குன்னூர் டெப்போவின் சிமென்ட் தரையில்,
பஸ்ஸெல்லாம் நின்றுகொண்டிருக்க
மலை கிளம்பியது.
சுவர்க்கடிகாரம் இடப்பக்கம் ஓடியது,
ஓடிய இடத்திலிருந்து திரும்ப வந்து
திரும்பவும் ஓடியது.
குப்புற விழுந்து தரையைக் கட்டிக்கொண்டேன்.
தரைக்கும் பிடிமானம் இல்லை.
செக்கிங் கிட்டுசாமி குனிந்து
என் வாயை முகர்ந்தார்.
காலையில் குடித்த டீதான் மணத்திருக்கும்.
என்றாலும் எழுதினார்:
'நடத்துநர் போஜன் பணிநேரத்தில் தள்ளாடினார்.'
அதில் பொய் ஒன்றும் இல்லை.

கோயம்புத்தூரில் டாக்டரம்மா
ஒரு நத்தை ஓட்டை வரைந்தாள்.
இது உங்கள் உள்காது, இதற்குள் நீர்,
அது தேவைக்கு மேல் ஏறிக்கொள்கிறது.
ஏன் ஏறுகிறது?
சரியாகத் தெரியாது என்றாள்.
தெரியாது என்று சொன்னதற்காகவே
அவளை நம்பினேன்.
நோயின் பெயர் மெனியர்.
லாம்ப்ஸ் ராக், வெல்லிங்டன், மெனியர்;
இறங்குகிறவர்கள் முன்னால் வாருங்கள்.

முதலில் போனது கனத்த சத்தங்கள்.
இரண்டாம் கியரில் வண்டி உறுமுவது
இடது காதுக்கு இல்லை.
டிரைவர் துரைக்கண்ணுவின் அடிவயிற்றுக் குரல்
வாயசைவாக மட்டும் வந்தது.
போனதற்குப் பதிலாக ஒரு விசில்.
நான் ஊதிய விசில்களெல்லாம்
உள்ளே சேர்ந்திருந்தனவோ என்னவோ,
இரவு மூன்று மணிக்கும் ஊதுகிறது.
எந்த வண்டியும் நிற்பதில்லை,
எந்த வண்டியும் புறப்படுவதில்லை.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.
எங்கள் ஹட்டியில்
மாடுகளுக்கு உப்புநீர் வைக்கும் பண்டிகை வந்தது.
எருமைகள் மூக்கு முங்கக் குடித்தன.
நான் உப்பில்லாக் கீரையோடு
வேலியோரம் நின்று பார்த்தேன்.
பொறாமைதான். வேறென்ன.

மிச்சி இப்போது
என் வலப்பக்கமாகவே நடக்கிறாள்.
கோபம் வந்தால் மட்டும்
இடப்பக்கம் மாறிவந்து
வேண்டியமட்டும் திட்டிக்கொள்கிறாள்.
உதட்டைப் பார்க்காமல்
தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.
அவளுக்கும் ஒரு இடம் வேண்டுமே.

வராத நாட்கள்தான் கஷ்டம்.
நேற்று வரவில்லை, இன்று வரவில்லை,
பல் தேய்க்கையில் வருமா,
படி இறங்கையில் வருமா.
வந்துவிட்டால் ஒரு வேலைதான் உண்டு:
ஒரே ஒரு பொருளைப் பிடித்துப் பார்ப்பது.
ஜன்னலின் ஆணி.
உலகம் அந்த ஆணியில் தொங்கும்வரை
கண்ணை எடுக்கக்கூடாது.

போன வாரம் ஆஸ்பத்திரி போய்விட்டு
பயணியாகத் திரும்பினேன்.
புதுப் பையன், என் பழைய வண்டி.
முகத்தைப் பார்த்தான்,
கேட்காமலே ஒரு காகிதப் பை நீட்டினான்.
நல்ல கண்டக்டராக வருவான்.
பர்லியாரில் மங்குஸ்தான் விற்கிற பெண்
கூடையை ஜன்னலுக்குத் தூக்கினாள்.
பழக்கத்தில் எச்சிலை முழுங்கினேன்.
வலது காது திறந்தது:
ஓடைத் தண்ணீர், குரங்குச் சண்டை,
கிலோ எவ்வளவு என்று யாரோ கேட்பது.
இடது திறக்கவில்லை.
இன்னொரு தடவை முழுங்கிப் பார்த்தேன்.
வண்டி இங்கே ஐந்து நிமிஷம்தான் நிற்கும்,
எனக்குத் தெரியாதா.
அரைக்கிலோ பழம் வாங்கிக்கொண்டு
வலது காதோடு
மேலே ஏறினேன்.